தாவற் பயிற்சியும் பள்ளிச் சிறுவரும்

நிலத்தை விட்டுக் கால் எழும் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. கிணற்றில் குதிக்கிறோம், வாய்க்காலைத் தாண்டுகிறோம். குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது, கன்று துள்ளுகிறது, தவளை தத்துகிறது, எட்டாத மாங்காய்க்குச் சிறுவன் எம்புகிறான். இவற்றை இடம் மாற்றிச் சொன்னால் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சிரிக்கும். குதித்தலில் கீழிறங்கும் குறிப்பு மிகுதி. எம்புதல் நின்ற இடத்திலிருந்து மேலெழுவது. துள்ளலோ, இறங்கிய கணத்திலேயே மீண்டும் எழுவது. விளையாட்டுப் போட்டிக்கு மாணவரைப் பழக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன கேடு விளையும் என்பதை எழுதவே முற்பட்டேன். அவ்வாறு மறந்து ஒரு சிறுவனைக் கெடுத்தவன் என்னும் தகுதியும் எனக்கு உண்டு.

கேமரன் மலையில் தோட்டப் பள்ளி நடத்துவோர்க்குத் திடல் என்பது பெருங்கவலை. 1929இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு இங்கே தேயிலைக்கு உகந்தது நீர் தேங்காத சரிவு நிலமே. கிடைத்த சிறு சமநிலங்களைத் தொழிற்சாலையும் குடியிருப்பும் கோயிலும் எடுத்துக்கொண்டன. நூறு மீட்டர் நேராக ஓட இடமுள்ள பள்ளிகள் இம்மலையில் அரிது. போதாக்குறைக்கு மழை வேறு. ஆதலின், பத்தடி இடத்தில் செய்யத்தக்க பயிற்சி எதுவாயினும் அது எங்களுக்குப் பொன்போன்றது. தாவற் பயிற்சியின்பால் என் மனம் சென்றதற்கு அதுவே முதற் காரணம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களில் 'வெடிப்பாற்றல்' என்று எழுதுகின்றனர். நம் அறிவியற் பாடநூலின்படி ஆற்றல் வேறு, திறன் வேறு. விசையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். கொழுந்து மூட்டையை முதுகில் ஏற்றிச் சரிவில் நடக்கும் தொழிலாளியிடம் விசை மிகுதி. ஆனால் அவ்விசை மெல்ல வெளிப்படுகிறது. ஓடிவந்து ஒரே உந்தலில் கால்வாயைத் தாண்டிவிடும் ஒல்லிப் பையனிடம் அவ்வளவு விசை இல்லை. இருக்கும் விசை நொடிப்பொழுதில் வெளிப்படுகிறது. விளையாட்டிற்கு வேண்டுவது இந்த இரண்டாவது. எனவே 'வெடிதிறன்' என்பதே பொருந்தும் என்பேன். இலக்கண ஆசிரியர்கள் மாற்றுச் சொல் தந்தால் ஏற்கத் தடையில்லை.

நொடிப்பொழுது என்றேன், அது எவ்வளவு? 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியில் நம் ஜெகதீசன் 20.92 வினாடியில் ஓடினார். விரைந்தோடும் வீரர் ஒருவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் மண்ணில் பதிந்திருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கே. நீளம் தாண்டுவோர் உந்து பலகையை மிதிக்கும் காலமும் அதைவிடச் சற்றே கூடுதல். ஆனால் தொடைத் தசை தன் முழு விசையையும் திரட்ட வினாடியில் மூன்றில் ஒரு பங்கேனும் வேண்டும். தசை முழு வலிமையை எட்டுமுன் பாதம் மண்ணை விட்டுப் போய்விடுகிறது! அப்படியாயின், எத்தனை வலிமை உள்ளது என்பதைவிட, கிடைத்த சிறு காலத்தில் எவ்வளவை வெளியே கொணர முடிகிறது என்பதே கேள்வி.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். மாணவன் ஒருவனைச் சுவரோரம் நிற்கச் செய்து, விரல் நுனியில் சுண்ணாம்புத் தூளைத் தடவுங்கள். முழங்காலை மடக்கி, அரைகுறையாய் அமர்ந்த நிலையில், 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணும்வரை அசையாதிருந்து பின் எம்பிச் சுவரைத் தொடட்டும். அடுத்து, நேராக நின்று, சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே எம்பித் தொடட்டும். பெரும்பாலும் இரண்டாவது கோடு சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதே கால், அதே தசை, அதே காலைச் சிற்றுண்டி! எம்பும் உயரத்தைக் கொண்டு உடற்றிறனை அளக்கும் வழக்கம் புதிதன்று. அமெரிக்க உடற்கல்வி அறிஞர் டட்லி சார்ஜண்ட் 1921இலேயே இதனைச் சோதனையாக வெளியிட்டார். நான் சொல்ல வந்தது உயரத்தை அன்று. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை.

அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? தாழும்போது தொடை முன்தசையும் கெண்டைக்காலும் உடற்பாரத்தைத் தாங்கியவாறே நீட்டப்படுகின்றன. குதிகாலுக்கு மேலே விரலாற் பற்றக்கூடியதாய் இருக்கும் தடித்த நாண், இழுத்த ரப்பரைப் போல் சிறிது நீண்டு, நீட்டிய ஆற்றலைத் தன்னுள் வைத்திருந்து திருப்பித் தருகிறது. கங்காரு களைப்பின்றி நெடுந்தொலைவு துள்ளிச் செல்வதும் இந்நாண்களின் உதவியால்தான். அன்றியும், தாழ்ச்சியைத் தடுத்து நிறுத்தும் முயற்சியிலேயே தசை முறுக்கேறிவிடுவதால், மேலெழத் தொடங்கும்போது அது வெறுந்தசையாய் இல்லை. சட்டென நீட்டப்பட்ட தசை தண்டுவடத்தின் அனிச்சைச் செயலால் தானே சுருங்க முற்படுவதும் உண்டு. இவற்றுள் எதற்கு எத்தனை பங்கு என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமித்துப் பேசுவதில்லை. ஆனால் ஒன்றில் மாறுபாடில்லை: தாழ்ந்ததற்கும் எழுந்ததற்கும் இடையே தயங்கி நின்றால் இவ்வூதியம் கரைந்துவிடும். மூன்று எண்ணும்வரை காத்திருந்த மாணவன் இழந்தது அதைத்தான். துள்ளல் என்னும் நம் சொல்லில் இந்தத் தயங்காமை உள்ளடங்கியிருக்கிறது.

பாரத்தைத் தாங்கியவாறே நீளும் தசையைப் பற்றி மலைவாழ் மக்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பிரிஞ்சாங் மலையில் ஏறி இறங்கும் பயணிகள் ஏறும்போது மூச்சிரைப்பர். மறுநாள் தொடை வலிப்பதோ பெரிதும் இறங்கியதனால். இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே தடுக்கிறது. அவ்வாறு தடுக்கும் தசை, சுருங்கிக்கொண்டே தூக்கும் தசையைக் காட்டிலும் மிகுந்த விசையைத் தாங்க வல்லது. நுண்ணிய சேதத்தையும் மிகுதியாய் அடைவது அதுவே. பயனும் ஊறும் ஓரிடத்திலேயே இருக்கின்றன.

இவ்வுண்மையைப் பயிற்சி முறையாக வகுத்தவருள் தலையாயவர் சோவியத் நாட்டுப் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி. 1928இல் பிறந்து 2010இல் மறைந்தவர். மும்முறை தாண்டும் வீரரைப் பழக்கிய அவர் கூர்ந்து நோக்கியது, வீரர் மேலெழும் காட்சியை அன்று. மண்ணில் வந்து விழும் கணத்தை. மும்முறை தாண்டுதலில் ஒற்றைக்கால் அடைந்து தாங்கும் உச்ச விசை உடல் எடையைப்போல் பத்து மடங்கையும் விஞ்சும். அத்தகைய பாரத்தைச் சுமந்து எந்த வீரனும் உட்கார்ந்தெழ இயலாது. ஆனால் உயரத்திலிருந்து இறங்கினால் மண்ணே அப்பாரத்தைத் தந்துவிடுகிறதே! மேடையிலிருந்து கீழே இறங்கி, பாதம் பட்டவுடன் மேலே பாயச் செய்தார். 75 சென்டிமீட்டரும் 110 சென்டிமீட்டரும் அவர் கையாண்ட உயரங்கள். 1960களில் அவர் இதனை எழுதி வெளியிட்டார். 'அதிர்ச்சி முறை' என்பது அவர் இட்ட பெயர். அமெரிக்க ஓட்டவீரராய் இருந்து பயிற்றுநரான பிரெட் வில்ட் 1975இல் வழங்கிய 'பிளையோமெட்ரிக்ஸ்' என்னும் பெயரே உலகெங்கும் நிலைத்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100, 200 மீட்டர் இரண்டிலும் வென்றது இம்முறையின் புகழைப் பரப்பியது. அவ்வெற்றி முழுவதையும் இதன் கணக்கில் எழுதுவோர் மிகைபடக் கூறுகின்றனர்.

சொல் பிறக்குமுன்பே பொருள் இருந்தது என்பதற்குத் தமிழர் ஒருவரையே காட்டலாம். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டியவர். 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டிகளின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆப்பிரிக்க நாடுகளில் கல்விப்பணி ஆற்றினார், 2024இல் மறைந்தார். ஆசிரியராகவும் வாழ்ந்த வீரர் என்பதால் எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அவர் பெயருக்கு இடம் உண்டு. அவர் தங்கம் வென்ற நாளில் வில்ட் தந்த பெயர் இல்லை. உயரம் தாண்டுவோர் நாள்தோறும் தாண்டினர். அவர்களுக்குத் துள்ளலே பயிற்சியாகவும் இருந்தது. நம் நாளில் தமிழகத்துப் பிரவீன் சித்திரவேல் 2023இல் ஹவானாவில் மும்முறை தாண்டி 17.37 மீட்டரையும், ஜெஸ்வின் ஆல்ட்ரின் அதே ஆண்டு நீளம் தாண்டி 8.42 மீட்டரையும் எட்டியபோது, தாவற் பயிற்சி அளவிட்டு முறைப்படுத்தப்பட்ட ஒரு கலையாகிவிட்டிருந்தது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிது. அங்கே எழுதிய குறிப்பேட்டில் சோவியத் முறையைப் பற்றி அரைப்பக்கம் இருந்தது. அந்த அரைப்பக்கத்தை வைத்துக்கொண்டு மாவட்டப் போட்டியை வென்றுவிட எண்ணினேன். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன், ஆறாம் ஆண்டு மாணவன், நீளம் தாண்டுவதில் இயல்பாகவே வல்லவன். அவனைப் பள்ளித் தாழ்வாரத்தின் மேடையிலிருந்து கீழே இருந்த சிமெண்டுத் தரையில் குதித்து எழச் செய்தேன். நாள்தோறும், மாலையில், நூறு முறை. எண்ணிக்கை உயர்ந்தால் திறனும் உயரும் என்பது என் கணக்கு. மூன்றாம் வாரம் அவன் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கக் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை.

அவன் தாய் பள்ளிக்கு வந்தாள். கோபித்துப் பேசவில்லை. "முட்டிக்குக் கீழே வீங்கியிருக்குங்க ஐயா. நான் இந்த மலையிலே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இறங்கறதுக்கே ராத்திரி காலு கடுக்குது. சின்னப் புள்ளைக்கு நூறு தடவைங்களா?" என்று மட்டும் கேட்டாள். சரிவில் இறங்கும் தசையைப் பற்றி மேலே நான் எழுதிய பாடத்தை எனக்கு முதலில் நடத்தியவள் அவள்தான்.

மருத்துவர் அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர் சொன்னார். 1903இல் இருவர் தனித்தனியே விவரித்ததால் இரட்டைப் பெயர். வளரும் பருவத்தில், முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் நாண் கால் எலும்பிற் பற்றும் இடம் இன்னும் முற்றாத குருத்தெலும்பாய் இருக்கும். தொடைத் தசை திரும்பத் திரும்ப வலிந்து இழுத்தால் அவ்விடம் வீங்கி நோகும். ஓய்வே மருந்து, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கியும்விட்டது. ஆனால் மாவட்டப் போட்டியன்று அவன் மணற்குழியின் ஓரத்தில் அமர்ந்து மற்றவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக் காத்திருந்தான். அதன்பின் அவன் தாண்டவில்லை.

நான் செய்த பிழைகள் ஒன்றல்ல. வெர்கோஷான்ஸ்கி அம்முறையை, ஆண்டுக்கணக்கில் ஓடியும் பளு தூக்கியும் எலும்பு முற்றியவர்களுக்கே வகுத்தார்; நானோ பன்னிரண்டு வயதினனுக்குக் கொடுத்தேன். அவர் சிலமுறை குதிக்கச் செய்து நெடுநேரம் ஓய்வளித்தார். நான் ஓய்வே அளிக்கவில்லை. எல்லாவற்றினும் பெரிய பிழை, நூறாவது முறை குதித்தவன் துள்ளவே இல்லை என்பதை நான் காணாதது. களைத்த கால் தரையில் நெடுநேரம் தங்கும். தங்கினால் அது மெல்லெனச் செயற்படவே பழகும். வெடிதிறனை வளர்ப்பதாய் நினைத்து அதற்கு நேர்மாறானதைப் பழக்கிக்கொண்டிருந்தேன். தண்டனையாய்த் தவளைபோல் திடலைச் சுற்றிவரச் செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் பல பள்ளிகளில் இருந்தது, நானும் செய்திருக்கிறேன். அதனை உடற்பயிற்சி என்று எவரேனும் சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதனாற் சிறுவர் தாவவே கூடாதென்று ஒருசிலர் அஞ்சி ஒதுக்குவதும் தவறு. அளவறிந்து, கண்காணிப்புடன் நடத்தினால் இப்பயிற்சி சிறுவர்க்குத் தீங்கற்றது என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 50 முதல் 60 முறை பாதம் மண்ணில் படலாம். வாரத்திற்கு இரண்டு நாள். எட்டு அல்லது பத்து வாரம் தொடரலாம். என் நூறு இப்போது எப்படித் தோன்றுகிறது என்று பாருங்கள்.

பயிற்சிக்கு வெளிநாட்டுக் கருவி வேண்டியதில்லை; நம் முற்றத்தில் எல்லாம் இருக்கின்றன. கயிறு தாண்டுதல் முதலிடம் பெறும். உயரம் சிறிது, பாதம் மண்ணில் தங்கும் காலமும் சிறிது. முழங்காலைவிடக் கணுக்காலே உழைக்கும். பெண்பிள்ளைகள் ரப்பர் வளையங்களைக் கோத்துச் சரமாக்கித் தாண்டும் ஆட்டம் அடுத்தது. மலாய்ப் பிள்ளைகள் அதனை லோம்பாட் கெத்தா என்பர். கணுக்கால், முழங்கால், இடுப்பு, காது, தலை என்று உயரம் ஏறும். பயிற்சிக்கு முழங்கால் உயரத்தோடு நிறுத்திக்கொள்வது போதும். அதற்குமேல் துள்ளல் போய்க் கரணம் வந்துவிடுகிறது. அழகாய்த்தான் இருக்கும், ஆனால் நம் நோக்கத்திற்கு உதவாது. ரப்பர் என்பதால் கால் பட்டாலும் விழமாட்டார்கள் என்பது தனிச்சிறப்பு. பாண்டி ஆட்டம் ஒற்றைக்கால் தத்தலுக்கு ஏற்றது; மும்முறை தாண்டுதலின் முதற்பகுதி அதுவே. பச்சைக்குதிரை எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. குனிந்திருப்பவன் கழுத்தின்மேல் கவலையாய் இருக்கிறது.

மண்ணிற் படும் முறையை முதலில் கற்பிக்க வேண்டும். எழுவதற்கு முன் இறங்கக் கற்பதென்றால் வேடிக்கையாய்த் தோன்றும். ஆயினும் முதல் இரண்டு வாரம் எங்கள் பள்ளியில் அதுவே பாடம். தாழ்ந்த படியொன்றிலிருந்து இறங்கி, இரண்டு எண்ணும்வரை சிலைபோல் நிற்க வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயாமல், கால்விரல் காட்டும் திசையிலேயே மடிய வேண்டும். வளரும் பெண்பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு மிகுதியாய்க் காணப்படும். முழங்காலின் உள்ளே உள்ள சிலுவைப் பிணையம் அறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதன்பின்னரே துள்ளல்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். மணல் மெத்தென்றிருப்பதால் எல்லாவற்றிற்கும் அதுவே நல்லது என நினைத்திருந்தேன். இறங்கிப் பழக அது நல்லதே. ஆனால் மணல் துள்ளலை விழுங்கிவிடும். கால் புதைந்து தயங்கும். துள்ளற் பயிற்சிக்குக் குட்டைப் புல் தரையோ இறுகிய மண்ணோ வேண்டும். மழைக்குப்பின் புல் வழுக்கும் என்பதை மலைக்காரர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டைத் தவிர்க்க இயலாத நாளில் சணற்சாக்கை நான்காய் மடித்து விரித்துக் கயிறு மட்டும் தாண்டச் செய்கிறோம். காலைக் குளிரில் கால் விறைத்திருக்கும். பத்து நிமிடம் நடந்தும் ஓடியும் வியர்வை அரும்பிய பிறகே தொடங்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? எண்ணிக்கையைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்றுண்டு, அது செவி. நான் பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்று கேட்பேன். நல்ல துள்ளல் 'டப்' என்று ஒரே ஒலியாய்ச் சுருக்கென்று கேட்கும். களைத்தபின் 'தொப்' என்று கனத்து இழுபடும். 'தொப்' கேட்டால் அப்பிள்ளைக்கு அன்றைய பயிற்சி முடிந்தது. அவன் எண்ணிக்கை இருபதாயினும் சரி. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடமேனும் நின்று ஓய்வெடுக்கச் செய்கிறோம். சும்மா நிற்கிறார்களே என்று பார்ப்போர் நினைக்கலாம். பெற்றோர் ஒருவர் என்னிடமே கேட்டும்விட்டார்.

மேடையிலிருந்து குதித்தெழும் முறையை நான் இப்போது தொடக்கப்பள்ளியில் கையாளுவதில்லை. இடைநிலைப்பள்ளியில் ஓரிரண்டு ஆண்டு பழகிய மாணவர்க்கு 20 அல்லது 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, ஒரு சிலமுறை மட்டும், தகுந்த பயிற்றுநர் துணையோடு தொடங்கலாம். எழும் உயரம் குறைந்தாலோ பாதம் தரையில் தங்கினாலோ மேடை அவர்களுக்கு மிகையென்று பொருள், தாழ்த்திவிட வேண்டும்.

எங்கள் பள்ளியில் செவ்வாயும் வெள்ளியும் தாவல் நாட்கள். மாதத்திற்கு ஒருமுறை சுண்ணாம்புத் தூளுடன் சுவரில் இரண்டு கோடு போட்டு, இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் எழுதி வைக்கிறோம். தாமே அளந்துகொள்வதில் பிள்ளைகளுக்கு அளவிறந்த ஆர்வம். கணக்குப் பாடத்திற்கும் அது பயன்படுகிறது. முன்பு திடலை நோக்கிய வெளிச்சுவரில் கோடிட்டோம், மழை அழித்துவிட்டது. இப்போது தாழ்வாரத்தின் உட்சுவரில், நான் அச்சிறுவனைக் குதிக்கச் செய்ததைப் போன்றதொரு மேடைக்கு அருகிலேயே, கோடிடுகிறோம்.